ஓட்டல் தொழிலில் ஆள் ஏன் நிற்பதில்லை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து இம்முறை வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை உணவகத் தொழிலைப் பற்றியவை. ஆள் நிற்பதில்லை என்று முதலாளிகள் எழுதுகிறார்கள். நிற்கும்படியாக வேலை இல்லை என்று தொழிலாளர்கள் எழுதுகிறார்கள். இரு தரப்புக் கடிதங்களையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: சம்பளம் எந்தத் தேதியில், விடுமுறை எந்தக் கிழமையில், வேலை எத்தனை மணிக்கு முடியும் என்பவை முதலாளியின் அன்றைய மனநிலையைப் பொறுத்து மாறும் இடங்களில்தான் ஆட்கள் அதிகம் விலகுகிறார்கள். சம்பளத் தொகை அதற்கு அடுத்த காரணமாகவே வருகிறது.

கேள்வி: சைவமும் அசைவமும் உள்ள உணவகம் நடத்துகிறேன். 24 பேர் வேலை செய்கிறார்கள். கடந்த ஓராண்டில் 19 பேர் போய்விட்டார்கள். அவர்களில் 11 பேர் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாதவர்கள். புதிதாக வரும் சப்ளையருக்கு 14,000 ரூபாயாக இருந்ததை 16,000 ஆக்கிப் பார்த்தேன், அப்போதும் நிற்கவில்லை. இன்னும் எவ்வளவுதான் கூட்டுவது? (உணவக உரிமையாளர், காட்பாடி)

பதில்: உங்கள் எண்ணிக்கையை முதலில் பிரித்துப் பார்ப்போம். 24 பேரில் 19 பேர் என்றால் ஏறத்தாழ 79 சதவீதம். அமெரிக்காவிலும் தங்கும் விடுதி, உணவகத் துறையில் ஆண்டுக்கு 70 சதவீதத்துக்கும் மேல் ஆட்கள் மாறுகிறார்கள் என்பதால், இது காட்பாடிக்கு மட்டும் வந்த சிக்கல் என்று கருத வேண்டியதில்லை. ஆனால் 19 பேர் போனார்கள் என்பதாலேயே 19 இடங்கள் காலியாயின என்று பொருளாகாது. இரண்டு மாதத்துக்குள் 11 பேர் போயிருக்கிறார்கள் என்றால், அநேகமாக நான்கைந்து இடங்களே திரும்பத் திரும்பக் காலியாகியிருக்கும். பரோட்டா மாஸ்டரும் கேஷியரும் ஆண்டுக்கணக்கில் இருப்பார்கள். சப்ளையரும் பாத்திரம் கழுவுபவரும் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நோட்டில் போனவர் ஒவ்வொருவரும் என்ன வேலை பார்த்தார், எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் போனார், யாருடைய கையின்கீழ் வேலை செய்தார், யார் அழைத்து வந்தார் என்று எழுதிப் பாருங்கள். ஒரே மேற்பார்வையாளரின் பெயரோ ஒரே வேலையின் பெயரோ அடிக்கடி வருமானால், சம்பளத்தைத் தொடுவதற்கு முன் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டு மாதத்துக்குள் போகிறவரின் காரணமும் மூன்று வருடம் இருந்துவிட்டுப் போகிறவரின் காரணமும் வேறு வேறு. முன்னவர், சேரும்போது கேட்டது ஒன்றாகவும் வந்து பார்த்தது வேறாகவும் இருப்பதால் போகிறார். காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை, நடுவில் நீண்ட ஓய்வு என்று சொல்லியிருப்பீர்கள். வந்து பார்த்தால் கடைசி மேசை எழுந்திருக்கவே 11 மணியாகும், அதன்பின் ஹாலைக் கழுவிவிட வேண்டும், பகல் ஓய்வு வெங்காயம் உரிப்பதிலும் பார்ட்டி ஆர்டருக்குப் பொட்டலம் கட்டுவதிலும் போய்விடும். 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் அதில் உண்டு. அந்த வரம்பைத் தாண்டி வேலை வாங்கிவிட்டு, அதற்கு இருமடங்கு ஊதியமும் தராமல், மாதச் சம்பளத்தில் 2,000 ரூபாய் கூட்டினால் அந்த ஆள் ஏன் நிற்க வேண்டும்?

நான் சொல்லும் வழி இது. சேர விரும்புகிறவரை, சேர்ப்பதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமும் ஒரு நாள் இரவு கடை மூடும் நேரமும் வந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டுச் சிலர் வரமாட்டார்கள்; பத்து நாள் சோறு போட்டு வேலை கற்றுக்கொடுத்தபின் அவர்கள் போவதைவிட அது நல்லது. சேர்பவரிடம் வேலை நேரம், விடுமுறைக் கிழமை, சம்பளத் தேதி, கூடுதல் நேர ஊதியம், தங்கும் அறையில் எத்தனை பேர் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் பணி நியமனக் கடிதத்தை வலியுறுத்துகின்றன. முதல் பதினைந்து நாட்களுக்கு அவருக்கு வேலை கற்றுக்கொடுப்பவர் யார் என்பதையும் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். பல கடைகளில் புதிய பையன், அன்று யார் மிகவும் எரிச்சலாக இருக்கிறாரோ அவர் கையில்தான் சிக்குகிறான். வாடிக்கையாளர் முன்னால் வாங்கிய ஒரு வசவு, சம்பளத்தில் கூட்டிய 2,000 ரூபாயை அன்றைக்கே மறக்கடித்துவிடும்.

விடுமுறையைப் பொறுத்தவரை, வேலூரில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கை கழுவும் தொட்டிக்கு மேல் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தது. அதில் திங்கள் முதல் சனி வரை கட்டம் போட்டு, எவருக்கு எந்த நாள் என்று தமிழிலும் வங்காளத்திலும் பெயர் எழுதியிருந்தார்கள். முதலாளியே அதை அழித்து மாற்றக் கூடாது, இருவர் ஒத்துக்கொண்டு தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்பது அங்கே விதி. உங்களிடம் 24 பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டால் ஒரு நாளைக்கு நான்கு பேர் விடுமுறையில் இருப்பார்கள். இரண்டு மாற்றாட்களை வைத்துக்கொண்டால் அந்த இடைவெளி தாங்கும். செலவாகுமே என்று தோன்றலாம். ஓர் ஆளை இழந்து இன்னோர் ஆளைப் பிடித்துப் பழக்குவதற்கு, ஏஜென்ட் கமிஷன், பயணம், சீருடை, கற்றுக்கொள்ளும் நாட்களின் சம்பளம் எல்லாம் சேர்த்துப் பத்து நாள் கூலிக்குச் சமமான செலவு என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், 16,000 ரூபாய்ச் சம்பளத்தில் 19 பேருக்கு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. அது ஒரு மாற்றாளின் ஆறு மாதச் சம்பளம்.

இன்னொன்றும் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துகிறது. புதிதாக வருகிறவருக்கு 16,000 ஆக்கினீர்கள்; நான்கு வருடமாக இருக்கிறவருக்கு என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. பழைய ஆள் 15,500 வாங்கிக்கொண்டு, நேற்று வந்தவனுக்கு வேலையும் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, அவன் தன்னைவிட 500 ரூபாய் அதிகம் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்த ஆண்டுப் பட்டியலில் அவர் பெயரும் சேர்ந்துவிடும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: நானும் என் மனைவியும் ஆறு பேரை வைத்துக்கொண்டு டிபன் கடை நடத்துகிறோம். அட்வான்ஸ் கேட்காமல் யாரும் வருவதில்லை. 20,000, 30,000 என்று வாங்கிக்கொண்டு ஒரு மாதத்தில் ஓடிவிடுகிறார்கள். ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், ஆற்காடு)

பதில்: ஒருபோதும் செய்யாதீர்கள். கொடுத்த கடனைச் சொல்லி ஒருவரை வேலையை விட்டுப் போகவிடாமல் தடுப்பது, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம். அரிசி ஆலைகளிலும் பீடித் தொழிலிலும் முன்பணத்தின் பெயரால் குடும்பங்கள் கட்டுண்டு கிடந்ததை நம் பகுதி பார்த்திருக்கிறது. அந்த வழக்கத்தின் சிறு சாயல்கூட உங்கள் கடையில் விழ வேண்டாம். ஆவணத்தை வாங்கி வைத்தால் ஆள் நிற்பார் என்பதும் உண்மையில்லை. மனம் விட்டுப்போனவர் அட்டை இல்லாமலும் போவார். இருக்கும் நாளிலும் வேலையில் மனம் இராது.

அட்வான்ஸ் ஏன் கேட்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் கந்துவட்டிக் கடன், தங்கையின் கல்யாணம், பள்ளிக் கட்டணம் என்று ஏதோ ஒன்று இருக்கும். இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் சம்பளம் சரியான தேதியில் வராத அனுபவமும் சேர்ந்திருக்கும். மாதம் முடிந்து கிடைக்குமா என்று தெரியாதவர்தான் முன்கூட்டியே கையில் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார். எனவே சேரும் நாளில் பெரிய தொகை கொடுப்பதை நிறுத்திவிட்டு, முதல் இரண்டு மாதம் வாரச் சம்பளமாகக் கொடுங்கள். மூன்று மாதம் முடித்தவருக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மிகாத முன்பணம், வட்டி இல்லை, ஆறு தவணையில் பிடித்தம் என்று எழுதி வையுங்கள். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். ஆறு பேர் வேலை செய்யும் கடையில் உங்கள் மனைவி ஒரு நோட்டில் இதை எளிதாகப் பார்த்துக்கொள்ளலாம். தொழிலாளியிடமும் அதே கணக்கு ஒரு சிறு அட்டையில் இருக்கட்டும்.

கேள்வி: ஓர் உணவகத்தில் எட்டு மாதம் சப்ளையராக இருந்தேன். வேறு வேலை கிடைத்ததால் சொல்லிவிட்டுத்தான் விலகினேன். கடைசி 20 நாள் சம்பளத்தைத் தர மறுக்கிறார்கள். நியமனக் கடிதம் எதுவும் எனக்குத் தரவில்லை. என்ன செய்யலாம்? (வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: செய்த வேலைக்கான கூலியை நிறுத்திவைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு மட்டுமல்லாமல் தாமாக விலகியவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். கடிதம் இல்லை என்பதால் நீங்கள் அங்கே வேலை செய்யவில்லை என்றாகிவிடாது. முந்தைய மாதச் சம்பளம் வங்கிக் கணக்கிலோ கைப்பேசி வழியாகவோ வந்த பதிவு, ஷிப்ட் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, சீருடையோடு எடுத்த புகைப்படம், உடன் வேலை செய்தவரின் வாக்குமூலம் இவையெல்லாம் சான்றுகள்தான். முதலில் தேதியிட்ட ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் உதவி ஆணையர் அமலாக்கப் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வருங்கால வைப்பு நிதி பிடித்திருந்தால், உங்கள் வைப்பு நிதிக் கணக்கில் எட்டு மாதமும் பணம் ஏறியிருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. போகிறவரின் 20 நாள் கூலியை நிறுத்துவது, இருக்கிறவர்கள் அனைவருக்கும் முன்னால் நடக்கிறது. அடுத்து விலகுகிறவர் உங்களிடம் சொல்லாமல், சம்பளம் வாங்கிய இரவே பையைத் தூக்கிக்கொண்டு போவார். சொல்லாமல் போகிறார்கள் என்று வருந்தும் பல கடைகளில் அந்தப் பழக்கம் இப்படித்தான் உருவாகியிருக்கிறது.

கேள்வி: சி.எம்.சி. மருத்துவமனைக்கு அருகே உணவகம் வைத்திருக்கிறோம். வங்காளம், ஜார்கண்ட் பக்கத்திலிருந்து வரும் நோயாளிகளின் குடும்பங்களே எங்கள் வாடிக்கையாளர்கள் என்பதால், சமையலுக்கும் பரிமாறவும் அந்தப் பக்கத்து ஆட்களையே வைத்திருக்கிறோம். துர்கா பூஜைக்கு ஊருக்குப் போனால் பாதிப் பேர் திரும்புவதில்லை. (உணவக மேலாளர், காந்தி சாலை, வேலூர்)

பதில்: அவர்களுக்கு ஊர் என்பது ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டிய ரயில் பயணம். இங்கே குடியாத்தத்துக்காரர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வைகாசி முதல் நாள் போய்விட்டு மறுநாள் காலை கடைக்கு வந்துவிடலாம். தை மாதத்தில் எருது விடும் விழாவுக்கு அரை நாள் கேட்டுப் போகிறவரும் அப்படித்தான். வங்காளத்துக்காரருக்கு அந்த வசதி இல்லை. எனவே ஆண்டில் இருபது நாள் தொடர் விடுமுறை உண்டு என்பதை முதலிலேயே எழுத்தில் கொடுங்கள். வாரக்கணக்கில் கெஞ்சி, கடைசி நாளில் சண்டை போட்டுக்கொண்டு போகிறவர், திரும்பி வர வேண்டாம் என்ற முடிவோடுதான் காட்பாடியில் ரயில் ஏறுகிறார்.

எல்லாரும் பூஜைக்கே போக வேண்டும் என்பார்கள். அதை ஆறு மாதம் முன்பே பேசுங்கள். இந்த ஆண்டு பூஜைக்குப் போகிறவர் அடுத்த ஆண்டு வேறு மாதத்தில் போகட்டும். அவர்களில் முஸ்லிம்கள் இருந்தால் அவர்களுக்குப் பெருநாள் முக்கியம், பீகார்க்காரருக்குச் சத் பூஜை முக்கியம் என்பதால் தேதிகள் இயல்பாகவே கொஞ்சம் பிரியும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. போகும் டிக்கெட்டை அன்று காலையிலேயே, திரும்பும் டிக்கெட்டை அந்தத் தேதிக்கான முன்பதிவு திறக்கும் நாளில், கடைச் செலவில் எடுத்துக் கொடுங்கள். திரும்பும் டிக்கெட் கையில் இருப்பவர் திரும்புவதற்கு வாய்ப்பு அதிகம். விடுமுறைக் காலச் சம்பளத்தில் ஒரு பகுதியைத் திரும்பி வந்ததும் தருகிறோம் என்று சிலர் பிடித்துவைக்கிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். திரும்பி வந்தவருக்குத் தனியாக ஓர் ஊக்கத்தொகை கொடுங்கள்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவியபோது, அச்சத்தில் பலர் ஊருக்குக் கிளம்பினார்கள். அவர்கள் மொழியில் பேசக்கூடிய ஒருவர் நிர்வாகத்தில் இருப்பது எவ்வளவு அவசியம் என்பது அப்போது தெரிந்தது. உங்கள் மூத்த சமையல்காரர் ஒருவருக்கே அந்தப் பொறுப்பைக் கொடுத்து, அதற்குரிய சம்பளமும் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் கடையில் மாஸ்டருக்கும் சப்ளையர்களுக்கும் நாள்தோறும் சண்டை. போன மாதம் மூன்று சப்ளையர்கள் அதனாலேயே போய்விட்டார்கள். (வாசகர், வாணியம்பாடி)

பதில்: இது குணக்கேடு என்று நினைத்து ஆட்களை மாற்றினால், அடுத்து வருகிறவர்களும் இதே சண்டையைத்தான் போடுவார்கள். 1940களில் அமெரிக்காவின் சிகாகோ நகர உணவகங்களை ஆராய்ந்த வில்லியம் ஃபுட் வைட் என்ற சமூகவியலாளர், இந்தச் சண்டையை அருகிலிருந்து கவனித்திருக்கிறார். வயதிலும் சம்பளத்திலும் மூத்த அடுப்படிக்காரரிடம், வயதில் இளையவரான பரிமாறுகிறவர் வந்து "சீக்கிரம் கொடு" என்று கட்டளையிட வேண்டியிருக்கிறது; அந்தத் தலைகீழ் நிலைதான் மூத்தவரை உறுத்துகிறது என்று அவர் கண்டார். வாயால் கத்துவதற்குப் பதில் ஆர்டரைச் சீட்டில் எழுதி ஒரு கம்பியில் குத்திவைத்துவிட்டு வந்தால், அடுப்படிக்காரர் தம் வசதிப்படி வரிசைப்படுத்தி எடுத்துக்கொள்கிறார், உரசல் குறைகிறது என்பதும் அவர் பார்த்தது.

உங்கள் கடையில் கே.ஓ.டி. சீட்டு, அதாவது அடுப்படிக்குப் போகும் ஆர்டர் சீட்டு, அச்சாகிறதா? அச்சானாலும் சப்ளையர் ஜன்னலில் தலையை நீட்டி "ரெண்டு முட்டை தோசை என்னாச்சு" என்று கத்துகிறாரா? அப்படியானால் மதியமும் இரவும் கூட்டமான நேரத்தில் அந்த ஜன்னலில் ஒருவரை நிறுத்துங்கள். சீட்டை வாங்கி வைப்பதும் தட்டை எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. வேறு யாரும் மாஸ்டரிடம் நேரில் கேட்கக் கூடாது. தாமதமானால் வாடிக்கையாளரிடம் வசவு வாங்குவது சப்ளையர் என்பதை மாஸ்டருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அக்னி நட்சத்திரத்தில் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் பரோட்டாக் கல்லின் முன் நிற்பவருக்கு நிதானம் எளிதாக வராது என்பதையும் நினைவில் வையுங்கள். புகைபோக்கி விசிறி ஓடுகிறதா, அடுப்படியில் மோர் வைக்கப்படுகிறதா, மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் வெளியே வந்து நிற்க விடுகிறீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: ஆம்பூர்ப் பாணி பிரியாணிக் கடை. மாஸ்டர் போனால் தம்மோடு நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். இரண்டு நாள் கடையை மூட வேண்டியதாயிற்று. (உணவக உரிமையாளர், ஆம்பூர்)

பதில்: அந்த நான்கு பேரும் யாரிடம் சம்பளம் வாங்கினார்கள்? நீங்கள் மொத்தத் தொகையை மாஸ்டரிடம் கொடுத்து, அவர் பிரித்துக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அப்படியானால் அவர்களுக்கு முதலாளி அவர்தான். ஒவ்வொருவருக்கும் அவரவர் வங்கிக் கணக்கில் நேரடியாகச் சம்பளம் போடுங்கள். விடுமுறையையும் நீங்களே கொடுங்கள். சீரகச் சம்பா எத்தனை நிமிடம் ஊற வேண்டும், விறகை எப்போது இழுத்துத் தம்முக்கு விட வேண்டும் என்பது ஒருவர் கையில் மட்டும் இருப்பது உங்களுக்கு ஆபத்து. இரண்டாம் கையாக இருப்பவர் வாரத்தில் ஒரு நாள் முழு அண்டாவையும் தாமே இறக்கட்டும். அன்று மாஸ்டருக்கு விடுமுறை. தம் வேலையைப் பறிக்கப்போகிறார்கள் என்று மாஸ்டர் அஞ்சாதபடி, கற்றுக்கொடுப்பதற்கென்று அவர் சம்பளத்தில் தனித் தொகை சேருங்கள்.

அவர் நீண்ட நாள் இருக்க வேண்டுமானால் இருப்பதனால் கிடைக்கும் பலன் அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் ஐந்தாண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. ஆண்டுக்கு 15 நாள் ஊதியம். மாதத்தை 26 வேலை நாளாகக் கணக்கிடுவதால், 20,000 ரூபாய் வாங்கும் மாஸ்டருக்கு ஐந்தாண்டில் அது ஏறத்தாழ 57,700 ரூபாய் ஆகும். பெரும்பாலான மாஸ்டர்கள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் இதுவரை சேர்ந்த தொகையை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். ரமலான் மாதத்தில் பகலில் கடை மூடியிருந்தால், அந்த மாதச் சம்பளம் முழுதா பாதியா என்பதையும் பிறை தெரிவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தீபாவளி போனஸ் வாங்கிய மறுவாரமே போய்விடுகிறார்கள். பாதியைப் பொங்கல் வரை நிறுத்திவைக்கலாமா? (வாசகர், திருப்பத்தூர்)

பதில்: வேண்டாம். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள கடையில், ஆண்டில் 30 நாள் வேலை செய்தவருக்குக் குறைந்தது 8.33 சதவீத போனஸ் என்பது அவர் ஏற்கெனவே உழைத்துச் சேர்த்த உரிமை. தீபாவளிக்குப்பின் போகிறவர் ஆடி மாதத்திலேயே போக முடிவெடுத்து, போனசுக்காகக் காத்திருந்தவர். ஆடியில் அவரிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் பயன் இருந்திருக்கும்.

கேள்வி: டிப்ஸ் முழுவதும் சப்ளையருக்கே போவதால் சமையல்காரர்கள் மனம் புழுங்குகிறார்கள். டிப்ஸே கூடாது என்று பலகை வைக்கலாமா? (வாசகர், வேலூர்)

பதில்: நியூயார்க்கின் புகழ்பெற்ற உணவக உரிமையாளர் டேனி மேயர் 2015இல் இதே காரணத்துக்காக டிப்ஸை நிறுத்தி, விலையை உயர்த்தி, அதிலிருந்து சமையலறைக்கும் கூடுதல் ஊதியம் கொடுத்தார். பரிமாறுவோரில் பலர் விலகினார்கள். 2020இல் டிப்ஸ் முறைக்கே திரும்பினார். ஆகவே பலகை வைக்காதீர்கள். ஒரு பெட்டியில் போட்டு, எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதைச் சப்ளையர், சமையல்காரர், பாத்திரம் கழுவுபவர் மூவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். பெட்டியை எண்ணும்போது நீங்கள் அருகில் இருக்க வேண்டாம். அதிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கடைக்கு வரவும் கூடாது.

கேள்வி: எங்கள் மெஸ்ஸில் காய் நறுக்க, மாவு அரைக்க, பாத்திரம் தேய்க்கப் பெண்களை வைத்திருந்தேன். ஒவ்வொருவராக ஷூ கம்பெனிக்குப் போய்விட்டார்கள். சம்பளம் என்னிடம் கொஞ்சமும் குறைவில்லை. (மெஸ் உரிமையாளர், ராணிப்பேட்டை)

பதில்: அம்மா, ஷூ கம்பெனி அவர்களுக்கு என்ன கொடுக்கிறது என்று பாருங்கள். ஊர் முனைக்கு வேன் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கலாம், இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. மாலை எத்தனை மணிக்கு வீடு திரும்புவோம் என்று பிள்ளைகளிடம் காலையிலேயே சொல்லிவிட்டுப் போக முடிகிறது. உங்கள் போட்டி பக்கத்து மெஸ் இல்லை, அந்த வேன்தான்.

பத்துப் பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. உண்டு, 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதில் வருவார்கள். 12,000 ரூபாய் வாங்கும் பெண்ணுக்கு அவர் பங்கு 90 ரூபாய், உங்கள் பங்கு 390 ரூபாய். அதற்கு அவர் குடும்பத்துக்கே சிகிச்சை கிடைக்கிறது. கைச்சம்பளம் குறையுமே என்று அவர்களே தயங்கினால் இந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டுங்கள். வேலை நேரத்தை இரண்டாகப் பிரிக்கவும் உங்களால் முடியும்: பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒன்பதரைக்கு வந்து மூன்றரைக்குப் போகும் ஒரு முறை, விடியற்காலை வந்து மதியத்துக்குள் போகும் இன்னொரு முறை. ஷூ கம்பெனியால் எளிதில் தர முடியாத ஒன்று இது.

பாத்திரம் தேய்க்கும் இடத்தையும் ஒருமுறை நின்று பாருங்கள். பெரும்பாலான மெஸ்களில் அது பின்பக்கச் சந்தில், தண்ணீர் தேங்கி நிற்கும் தரையில், வெறுங்காலோடு செய்யும் வேலையாக இருக்கிறது. மழைக்காலத்தில் விரலிடுக்கில் சேற்றுப்புண் வராத பெண் அங்கே இல்லை. வடிகால் சரிவும், ரப்பர் காலணியும், உட்கார ஒரு முக்காலியும் கொடுங்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தமே கொண்டுவந்தது, அத்தனை பேர் நாள் முழுவதும் நின்றுகொண்டிருந்ததால்தான்.

கேள்வி: ஒன்றரை வருடம் முன் விலகிப் போன சப்ளையர் திரும்ப வேலை கேட்கிறார். எடுத்தால் மற்றவர்களுக்குத் தவறான முன்மாதிரி ஆகுமா? (வாசகர், குடியாத்தம்)

பதில்: எடுத்துக்கொள்ளுங்கள். வேறு இரண்டு கடைகளைப் பார்த்துவிட்டு உங்கள் கடையைத் தேடி வந்திருக்கிறார் என்பதை மற்றவர்களும் பார்க்கட்டும். சேர்ப்பதற்கு முன், அன்று ஏன் போனார் என்று கேளுங்கள். வேலையில் இருக்கும்போது சொல்லத் தயங்கியதை இப்போது சொல்வார். அவர் சொல்வது ஒரு மேற்பார்வையாளரைப் பற்றியதாக இருந்தால், அந்த மேற்பார்வையாளரிடமே அவரை மீண்டும் விடாதீர்கள். சம்பளத்தைப் புதிய ஆளின் அளவிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முன்பு இருந்த காலத்தையும் கணக்கில் எடுத்து நிர்ணயியுங்கள். வருங்கால வைப்பு நிதியில் அவருடைய பழைய எண்ணையே இணையுங்கள். புதிய எண் வாங்கினால் முந்தைய பணம் தனியாக நின்றுவிடும்.